எழுந்து வரத் தெரியணும்



பெரிய மகள் காதுகுத்துக்குத் தோடு எடுக்க, குழுவில் உள்கடன் வாங்கிக்கிட்டு நகைக்கடைக்குப் போனேன். “வீட்டுல சார் வரலையாம்மா?”ன்னு கேட்டு, கையில் கூல்டிரிங்ஸ் கொடுத்தாங்க. நான் கேட்டது 3 கிராம். “சபையில எடுப்பா இருக்காதே”ன்னு 5 கிராம் எடுத்து வெச்சாங்க. குடிச்சிட்டோமே, வாங்காம எப்படி எழுந்திரிக்கிறதுன்னு வாங்கிட்டேன். மாட்டுத் தீவனத்துக்கு வெச்சிருந்த பணமும் அதோட போச்சு.

சின்னவளுக்கு எடுக்கும்போது, “செய்கூலி, சேதாரம் தனித்தனியா எழுதிக் கொடுங்க”ன்னேன். “அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா”ன்னார். “குழுவுக்கு மாசாமாசம் கணக்கு எழுதுறவ நான். எழுதுங்க, புரியும்”னேன். எழுதினார். அந்தத் தாளோடு அடுத்த கடையிலும் விசாரிச்சேன். அங்கே சேதாரம் குறைவு, அங்கேயே வாங்கினேன்.

விற்கிற பொண்ணும் சம்பளத்துக்கு நிக்கிறவதான். அவளோட சண்டை வேண்டாம். ஹால்மார்க் முத்திரை, 22கே916, ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. மூணையும் பாருங்க. பில் கேட்டு வாங்குங்க. ஏமாத்தினா நுகர்வோர் உதவி எண் 1915.

மனசுக்குப் பிடிக்கலைன்னா எழுந்து வாங்க. ஒரு கூல்டிரிங்ஸுக்காக நாம கடன்பட வேண்டியதில்லை.