இருந்தும் கிட்டாத அறிவு

மஞ்சள் இல்லாத அடுக்களை நம் நாட்டில் இல்லை. குழந்தை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் மஞ்சள் பற்றுப் போட வேண்டும் என்பதை எந்தப் பாட்டியும் மருத்துவரைக் கேட்டு அறிந்தவள் அல்லள். அத்தகைய மஞ்சளைக் கொண்டு புண்ணை ஆற்றும் முறை புதியதொரு கண்டுபிடிப்பு என்று ஏற்றுக்கொள்ளப்பட்டு, 1995ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டிலுள்ள பல்கலைக்கழக மருத்துவ நிலையம் ஒன்றுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. காப்புரிமை என்பது, புதிதாக ஒன்றைக் கண்டவர் குறிப்பிட்ட காலம்வரை அதனைத் தாமே ஆளுமாறு அரசாங்கம் அளிக்கும் உரிமை. புதுமையே அதற்கு உயிர்நாடி. அவ்வாறாயின், நம் பாட்டிமார் அனைவரும் அறிந்த ஒன்று எங்ஙனம் புதுமை ஆயிற்று?

இவ்வினாவை நாம் சினத்தோடு கேட்பது எளிது; பொறுமையோடு கேட்பதே பயன் தரும். அந்நாட்டின் அன்றைய சட்டப்படி, ஒரு பொருள் பிறநாட்டு மக்களிடையே வழக்கில் இருக்கிறது என்பது மட்டும் அதன் பழமைக்குச் சான்றாகாது. அது அச்சில் வந்திருக்க வேண்டும். அல்லது எங்கேனும் காப்புரிமை பெற்றிருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் பின்னரே இந்நிலை மாறிற்று. எனவே, கோடிக்கணக்கான இல்லங்களில் நாள்தோறும் நிகழ்வது சான்றாகவில்லை. அச்சில் இருந்தனவோ, விண்ணப்பத்தை ஆராய்ந்த அதிகாரியின் கைக்கு எட்டவில்லை. அவர் தேடிய பட்டியல்களில் நம் நூல்கள் இல்லை. இருந்தாலும் அவர் அறிந்த மொழிகளில் இல்லை.

நமது விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் இக்காப்புரிமையை எதிர்த்து 1996இல் விண்ணப்பித்தது. சமஸ்கிருதம், உருது, இந்தி ஆகிய மொழி நூல்களிலிருந்தும் ஆராய்ச்சி ஏடுகளிலிருந்தும் 32 சான்றுகளைத் திரட்டி முன்வைத்தது. அவற்றுள் நூறாண்டுக்கு முற்பட்டவையும் இருந்தன. இந்திய மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் 1953ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரை ஒன்றும் இருந்தது. 1997இல் காப்புரிமை நீக்கப்பட்டது. வழக்கில் நாம் வென்றோம். ஆயினும், அந்த வெற்றி நமக்கு ஓர் உண்மையை உணர்த்திற்று. ஓர் அறிவு உலகில் இருப்பது வேறு. தேடுகிறவனுக்கு அது கிட்டுவது வேறு. கிட்டாத அறிவு, தேடுகிறவனைப் பொறுத்தவரை இல்லாத அறிவே ஆகிவிடுகிறது.

இது மொழியால் மட்டும் வரும் இடர் அன்று. ஆங்கிலத்தில் அச்சேறிய செய்தியும் பல்லாண்டுகள் அறிஞர் கண்ணில் படாமல் கிடப்பதுண்டு. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவர், அவ்வேர் சித்தப்பிரமையையும் மிகுந்த இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று 1931ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலேயே எழுதினர். அதே ஆண்டில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி அவ்வேரிலிருந்து பல இரசாயனப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் சூட்டினார். மேலைநாட்டு மருத்துவ உலகமோ இவற்றைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. பம்பாயின் இதய நோய் மருத்துவரான ருஸ்தம் ஜால் வகீல், தாம் கண்ட பயனை 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ சஞ்சிகையில் எழுதிய பின்னரே உலகத்தின் பார்வை இதன்பால் திரும்பிற்று. 1952இல் சுவிட்ஸர்லாந்தின் பாசல் நகரத்து விஞ்ஞானிகள் இவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்தைப் பிரித்தனர். இன்று வேறு நல்ல மருந்துகள் வந்துவிட்டமையால் அதன் பயன் சுருங்கியிருக்கிறது. ஆனால் இரத்த அழுத்தத்திற்கு நல்ல மருந்து அரிதாக இருந்த அக்காலத்தில், முதற் கட்டுரைக்கும் வகீலின் கட்டுரைக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

இப்பொழுது காலம் மாறிவிட்டது. கணிப்பொறியைக் கேட்டால் கணப்பொழுதில் விடை வருகிறதே என்று நேயர்கள் கருதலாம். உண்மைதான். மருத்துவக் கட்டுரைகளுக்கு 1879ஆம் ஆண்டில் தொடங்கிய இண்டெக்ஸ் மெடிக்கஸ் என்னும் அச்சுப் பட்டியல் 2004ஆம் ஆண்டோடு நின்றது. அதன் இடத்தை இன்று பப்மெட் என்னும் மின்னணுப் பட்டியல் வகிக்கிறது; 1997 முதல் உலகத்தார் எவரும் கட்டணமின்றி அதில் தேடலாம். முன்னாளில் ஒரு மாதம் நூலகத்தில் அமர்ந்து செய்த வேலையை இன்று ஒரு மாணவன் ஒரு பிற்பகலில் முடித்துவிடுகிறான்.

ஆயினும் இவ்வசதியிலும் ஒரு படுகுழி உண்டு. 2001ஆம் ஆண்டில், அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவக் கல்வி நிலையம் ஒன்றில் ஈளை நோயைப் பற்றிய ஆராய்ச்சி நடந்தது. அதற்காக, நோயற்ற இளம்பெண் ஒருவர் தாமாக முன்வந்து ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சோடு உட்கொண்டார். அது 1950களில் இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட மருந்து. அவருடைய நுரையீரல் பழுதடைந்து, சில வாரங்களில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 24. ஆராய்ச்சியைத் தொடங்குமுன் இலக்கியத்தைத் தேடாமல் இல்லை. மின்னணுப் பட்டியலில் தேடினர். அப்பட்டியல் அந்நாளில் 1966ஆம் ஆண்டுவரைதான் பின்னோக்கிச் சென்றது. அம்மருந்து நுரையீரலைத் தாக்கக்கூடும் என்று எச்சரித்த கட்டுரைகளோ 1950களில் வெளிவந்தவை. அவை நூலக அலமாரிகளில் இருந்தன. பழைய அச்சுப் பட்டியல்களைப் புரட்டினால் அகப்பட்டிருக்கும். பின்னர் அம்மின்னணுப் பட்டியல் 1946வரை நீட்டப்பட்டது. போன உயிர் மீளவில்லை.

பௌதிகத்திலும் இரசாயனத்திலும் பழைய ஏடுகளைப் பெரும்பாலும் சரித்திரத்துக்கு விட்டுவிடலாம். உயிரியலில் அது இயலாது. ஒரு செடி எங்கே வளர்ந்தது, ஒரு மருந்து யாரை எவ்வாறு வருத்தியது, ஒரு நோய் எப்பொழுது எங்கே தோன்றியது என்னும் கண்கூடான குறிப்புகள் எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் பழமையடைவதில்லை. ஆகவே, பழைய நூல்களை மின்னணு வடிவில் கொணர்வது அழகுக்காகச் செய்யும் பணியன்று. அது ஆராய்ச்சியின் கடமைகளுள் ஒன்று.

இக்கடமையை நம் நாடு ஒரு வகையில் ஏற்றுக்கொண்டது. மஞ்சளைப்போலவே வேம்பும் வழக்கு மன்றம் ஏறியது. வேப்பெண்ணெய் கொண்டு பூசணத்தை ஒழிக்கும் முறைக்கு 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை ஒன்று அளிக்கப்பட்டது. 1995இல் அதனை எதிர்த்தனர். 2000இல் அது நீக்கப்பட்டது. மேல்முறையீடு 2005இல்தான் தள்ளுபடி ஆயிற்று. ஒரு காப்புரிமையை நீக்கப் பத்தாண்டுகள்! வந்தபின் ஓட்டுவதைக் காட்டிலும் வருமுன் காப்பதே அறிவுடைமை என்று கருதி, 2001ஆம் ஆண்டில் மரபறிவு டிஜிட்டல் நூலகம் தொடங்கப்பட்டது. சமஸ்கிருதம், இந்தி, அரபி, பாரசீகம், உருது, தமிழ் ஆகிய மொழிகளிலுள்ள ஆயுர்வேத, யுனானி, சித்த மருத்துவ நூல்களையும் யோக நூல்களையும் ஆராய்ந்து, அவற்றின் செய்திகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் அது தருகிறது. இன்று அதில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மருந்து முறைகள் ஏறியுள்ளன. 2009 முதல் ஐரோப்பிய, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகங்கள் இதனைப் பார்த்து வருகின்றன. இதன் சான்றுகளால் பல விண்ணப்பங்கள் திரும்பப் பெறப்பட்டன, சில நிராகரிக்கப்பட்டன.

ஏட்டைப் படம் எடுத்துக் கணிப்பொறியில் இட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் எண்ணிவிடலாகாது. அது வேலையின் தொடக்கமே. உண்மையான உழைப்பு பெயர்களில் இருக்கிறது. பிரம்மி என்ற பெயர் சில இடங்களில் நீர்ப்பிரமிக்கும், வேறு சில இடங்களில் நாம் வல்லாரை என்று கூறும் கீரைக்கும் வழங்குகிறது. சங்குபுஷ்பி என்றால் ஒருவர் விஷ்ணுகிரந்தியைக் காட்டுவார். மற்றொருவர் வேலியில் நீலமாகப் பூக்கும் சங்குப்பூவைக் காட்டுவார். வடக்கே வேறொரு படர்செடியைக் காட்டுவார்கள். சித்தர் பாடல்களிலோ, குழூஉக்குறியாக வரும் சொல்லுக்கு அகராதிப் பொருள் கொண்டால் மருந்து நஞ்சாகவும் முடியும்.

விஞ்ஞானப் பெயர்களாவது நிலையானவையோ என்றால், அதுவும் இல்லை. 1753இல் லின்னேயஸ் வேம்பை மேலியா இனத்தில் சேர்த்துப் பெயரிட்டார். 1830இல் அது அஸாடிராக்டா இண்டிகா ஆயிற்று. இன்றைய பெயரை மட்டும் கொடுத்துத் தேடுகிறவனுக்குப் பழைய பெயரில் எழுதப்பட்டவை கிட்டா. ஆதலின், இப்பெயர் அப்பெயரே என்று ஒவ்வொன்றையும் இணைத்து வைப்பவர் வேண்டும். அவர் செடியையும் அறிந்திருக்க வேண்டும். ஏட்டையும் அறிந்திருக்க வேண்டும். பொறி தேடிக் கொடுக்கும். எதை எதனோடு சேர்த்துத் தேடுவது என்பதை மனிதனே அதற்குக் கற்பிக்க வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். முதலாவது, ஒரு மருந்து பழைய நூலில் இருக்கிறது என்பது அது பழமையானது என்பதற்குச் சான்றேயன்றி, நோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றாகாது. காப்புரிமை அலுவலகத்துக்குப் பழமையே போதும். நோயாளிக்கு அது போதாது. நூலகத்தில் கண்டதைச் சோதனைச் சாலையிலும் மருத்துவமனையிலும் ஆராய்ந்தே கொள்ள வேண்டும். நீண்டகாலம் காப்புரிமை அலுவலகங்களுக்கே பெரும்பாலும் திறந்திருந்த இந்நூலகத்தைப் பிறரும் அணுகுவதற்கு 2022ஆம் ஆண்டில் மத்திய மந்திரிசபை இசைவளித்தது. காவலுக்காகக் கட்டிய களஞ்சியம் ஆராய்ச்சிக்கும் உதவுமாயின், அதனால் வரும் நன்மை பெரிது.

இரண்டாவது, எந்த ஏட்டிலும் ஏறாத அறிவு இன்னும் மிகுதியாக இருக்கிறது. 1987இல் அகத்தியமலைப் பகுதியில் செடிகளை ஆராயச் சென்ற விஞ்ஞானிகள் ஏற்றத்தில் களைத்துப்போயினர். வழிகாட்டிய காணி மக்களோ ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு சோர்வின்றி நடந்தனர். அச்செடியை அவர்கள் ஆரோக்கியப் பச்சை என்பர். அதிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவர ஆராய்ச்சி நிறுவனம் ஒரு மருந்தை உருவாக்கி, அதனைச் செய்யும் உரிமைக்குக் கிடைத்த தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு அளிக்க முன்வந்தது. இத்தகைய அறிவுக்கு ஏடு இல்லை. அதை உடையவரே ஏடு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் உள்ளூர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்கும் ஏற்பாடு உண்டு. ஊர்ப் பெரியவர் அறிந்ததை, அவர் இசைவோடும் அவர் உரிமை கெடாமலும் எழுதி வைப்பது அவ்வூர்ப் படித்த இளைஞர் செய்யத்தக்க பணி. சட்டம் வழி செய்துவிட்டது. எழுதும் கைகள்தாம் வேண்டும்.

இன்று உயிரியல் பயிலும் மாணவர் தம் முன்னுள்ள திரையில் விடை வரவில்லை என்றால், அப்பொருள் இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. இப்பட்டியல் எந்த ஆண்டில் தொடங்குகிறது, எந்த மொழிகளை விட்டுவிட்டது, இச்செடிக்கு முன்னர் என்ன பெயர் இருந்தது என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பிறகு முடிவுக்கு வர வேண்டும். ஏடு படிக்க வல்ல தமிழறிஞரும், செடி அறிந்த தாவர நூலாரும், கணிப்பொறி அறிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து உழைக்கும் நாள் வர வேண்டும். மஞ்சளுக்குச் சான்று தேட அன்று நாம் ஏடுகளை அவசர அவசரமாகப் புரட்ட நேர்ந்தது. இனி அந்த அவசரம் நேராதவாறு அவற்றை அமைதியாகப் படித்து ஒழுங்கு செய்து வைப்போமாக.