உடன்பிறந்தவர்களோடு மூன்று நாள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு சின்னக் கேள்வி. கல்யாணம், காரியம் எதுவும் இல்லாமல் உங்கள் அண்ணனையோ அக்காவையோ கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

நாங்கள் ஐந்து பேர். அம்மா இருந்தவரை பொங்கலுக்கு ஊரில் கூடுவோம். அம்மா போனதும் வீட்டை விற்றோம். அதன்பின் கூடுவதற்கு இடமும் இல்லை, காரணமும் இல்லை. "எல்லோரும் ஒரு தடவை ஊட்டி ரயிலில் போகலாம்டா" என்று பெரியண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் பரீட்சை, ஆபீஸ் ஆடிட் என்று தள்ளிப்போட்டோம். போன வருஷம் போனோம், நாலு பேராக. அண்ணன் இல்லை.

நீங்கள் தள்ளிப்போடாதீர்கள். நாங்கள் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில், உடன்பிறந்தவர்கள் மட்டும் போங்கள். குடும்பங்களும் சேர்ந்தால் அது இன்னொரு கல்யாண வீடாகிவிடும். வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும், மூன்று நாள்தானே!

டிக்கெட்: ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் தொடங்குகிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஒரே டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அது கிடைக்காது. ஆகவே இரண்டிரண்டு பேராகப் பதிவு செய்யுங்கள்.

பணம்: ஆளுக்குச் சமமாகப் போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். வசதி குறைந்தவருக்குக் கட்டுப்படியாகும் விடுதியிலேயே எல்லோரும் தங்குங்கள்.

இடம்: நடை குறைவாக, பேச்சு நிறைய இருக்கும் இடமாகப் பாருங்கள். பிச்சாவரத்தில் படகு. தாமிரபரணிக் கரையில் நவதிருப்பதி. ஒன்பது கோயில்களையும் காரில் பார்த்துவிடலாம். நாங்கள் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போய், காலை மலை ரயில் ஏறினோம். ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவால் ரத்தாகும். அந்த மாதங்களைத் தவிருங்கள்.

கடைசியாக ஒன்று. சொத்துப் பேச்சு கூடாது என்று நாங்கள் முதலிலேயே பேசி வைத்திருந்தோம். குன்னூரில் எஞ்சின் மாற்ற வண்டி நின்றது. அக்கா மெதுவாகக் கேட்டார்: "நீயும் அண்ணனும் வீட்டுக்கு விலை பேசி முடித்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டீங்களே, ஏன்?"

என்னிடம் பதில் இல்லை. "தப்புதான் அக்கா" என்றேன். கேத்தி வரும்வரை யாரும் பேசவில்லை. பிறகு அக்கா முறுக்கு டப்பாவைத் திறந்து முதலில் எனக்கு நீட்டினார்.

அந்த ஒரு வார்த்தையை அண்ணன் வாயாலும் அக்கா கேட்டிருக்க வேண்டும். நாங்கள் தள்ளிப்போட்டதில் அது நடக்காமல் போயிற்று.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு போன் போடுங்கள். தேதியை மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.