செங்கல்லில் தொடங்கிய பாடம்



அமெரிக்காவில் சிக்காகோ நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில், 1938ஆம் ஆண்டுக்குப் பின் கட்டடக் கலை பயிலச் சேர்ந்த இளைஞர்களை எண்ணிப் பாருங்கள். மாளிகைகளையும் வானளாவும் கட்டடங்களையும் உடனே வரையத் தொடங்கிவிடலாம் என்ற ஆவல் அவர்களுக்கு இருந்திருக்கும். ஆனால், முதலாண்டில் அவர்கள் கற்றது கோடு வரைவது. ஒரே பருமனில், தடுமாற்றமின்றி, ஒன்றுக்கொன்று இசைந்த இடைவெளியில் கோடுகள். அடுத்த ஆண்டில் கிடைத்தது செங்கல். ஒரு சுவரை வரைந்தால் அதிலுள்ள ஒவ்வொரு கல்லையும் வரைந்து காட்ட வேண்டும். எந்தக் கல் நீளவாட்டில் நிற்கிறது, எந்தக் கல் குறுக்கே சுவருக்குள் செல்கிறது, சுவர் திரும்பும் மூலையில் கற்கள் எவ்வாறு ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, சன்னலுக்கு இடம் விட்டால் வரிசை எங்கே முறிகிறது என்பதையெல்லாம் தாளிலே தீர்த்தாக வேண்டும். செங்கல்லுக்குப் பின் மரம், கல், அவற்றுக்குப் பின்னரே இரும்பும் கான்கிரீட்டும். வீடும் நகரமும் அதற்கப்பால்தான்.

இந்தப் பாடத்திட்டத்தை வகுத்தவர் லூட்விக் மீஸ் வான் டெர் ரோ என்னும் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர். அவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க, கைக்கு எட்டும் பொருளிலிருந்து கருத்துக்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிலே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். மீஸ் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். ஆயினும், அந்த விதியை அவரைப்போல் பிடிவாதமாகப் பின்பற்றிய ஆசிரியர் மிகச் சிலரே என்பது என் எண்ணம்.

அவர் 1886ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள், ஜெர்மனியின் மேற்கு எல்லையிலுள்ள ஆஹன் என்னும் பழைய நகரத்தில் பிறந்தார். தந்தை கல் தச்சர். கல்லறைக் கற்களும் பிற கல் வேலைகளும் நடந்த பட்டறையில் மகன் வளர்ந்தான். பேராலயப் பள்ளியில் சிறிது காலம், தொழிற்பள்ளியில் இரண்டு ஆண்டுகள். அவ்வளவே அவனுடைய பள்ளிக் கல்வி. பின்னர்க் கட்டட வேலை நடக்கும் இடங்களில் கூலியின்றித் தொழில் பழகினான். செங்கல் அடுக்கும் வேலையும் அதில் அடங்கும். அதன்பின், சுவர்களுக்குச் சுண்ணச் சாந்தில் அலங்காரம் செய்யும் நிலையம் ஒன்றில் படம் வரைபவன் ஆனான். பூவேலைகளை உண்மையான அளவிலேயே, பெரிய தாள்களில், நின்றுகொண்டு வரைய வேண்டும். கை நன்றாகப் பழகியது.

1905ஆம் ஆண்டில் அவர் பெர்லினுக்குச் சென்றார். பட்டமோ சான்றிதழோ இல்லாத அந்த இளைஞரை நம்பி, அலோய்ஸ் ரீல் என்னும் தத்துவப் பேராசிரியர் 1907இல் தமக்கு ஒரு வீடு கட்டித் தரும்படி கேட்டார். மீசுக்கு அப்போது வயது இருபத்தொன்று. பின்னர்ப் பேட்டர் பெஹ்ரன்ஸ் என்னும் புகழ்பெற்ற கலைஞரின் அலுவலகத்தில் பணியாற்றினார். ‘மீஸ்’ என்ற தந்தைவழிப் பெயரோடு ‘ரோ’ என்ற தாய்வழிப் பெயரையும் பிற்காலத்தில் அவரே இணைத்துக்கொண்டார். 1929இல் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரில் நடந்த பொருட்காட்சிக்காக ஜெர்மனியின் சார்பில் அவர் எழுப்பிய மண்டபம் உலகப் புகழ் பெற்றது. காட்சி முடிந்ததும் பிரித்தெடுக்கப்பட்ட அம்மண்டபம், 1986இல் அதே இடத்தில் மீண்டும் கட்டப்பட்டது.

இனி, தலைமையாசிரியனாக இருந்த எனக்கு உறக்கத்தையே கெடுக்கக்கூடிய பகுதிக்கு வருகிறேன். 1919இல் வைமர் நகரில் வால்ட்டர் குரோப்பியஸ் தொடங்கிய ‘பௌஹௌஸ்’ என்னும் கலைப்பள்ளி, பின்னர் டெஸ்ஸௌ நகருக்கு மாறியது. 1930இல் அதன் இயக்குநர் ஹான்னஸ் மையர், அவருடைய அரசியல் சார்பு காரணமாக நகராட்சியால் விலக்கப்பட்டார். அந்த இடத்துக்கு மீஸ் அழைக்கப்பட்டார். மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய இயக்குநர் பள்ளியையே சில வாரங்கள் மூடிவிட்டு, மாணவர்களைத் தனித்தனியே அழைத்துப் பேசி, புதிய விதிகளுக்கு உடன்பட்டவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டார். சிலர் வெளியேற நேர்ந்தது. ஒழுங்கின் தேவையை நான் அறிவேன். ஆயினும், தங்கள் ஆசிரியருக்காகக் குரல் கொடுத்த பிள்ளைகளை அவ்வாறு நடத்தியதை என்னால் முழுமனத்தோடு ஒப்புக்கொள்ள இயலவில்லை.

ஒழுங்கை நிலைநாட்டினால் பள்ளி பிழைத்துவிடும் என்று அவர் எண்ணியிருக்கலாம். பிழைக்கவில்லை. 1932இல், நாஜிக் கட்சியினர் வலிமை பெற்ற டெஸ்ஸௌ நகரமன்றம் பள்ளியை மூடியது. மீஸ் அதைப் பெர்லினுக்குக் கொண்டுபோய், பயன்படாமல் கிடந்த ஒரு தொலைபேசித் தொழிற்சாலையில் தனியார் பள்ளியாக நடத்தினார். 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் போலீசார் கட்டடத்தைச் சூழ்ந்து, சோதனையிட்டு, முத்திரை வைத்தார்கள். மாணவர்கள் பலர் பிடித்துச் செல்லப்பட்டனர். மீஸ் கட்சித் தலைவர்களுள் ஒருவரான ரோசன்பெர்க்கைக் கண்டு வாதாடினார். இரகசியப் போலீசாரின் அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப நடந்தார். கோடைகாலத்தில் ஒரு வழி திறந்தது. ஹில்பர்சைமர், கந்தின்ஸ்கி என்னும் இரு ஆசிரியர்களை நீக்கி, ஆட்சியின் கொள்கைக்கு ஏற்றவர்களை அமர்த்தினால் பள்ளி நடக்கலாம் என்பது நிபந்தனை. அதை விளக்கிய கடிதத்தின் நாள் ஜூலை 21. அக்கடிதம் வருவதற்குள்ளாகவே ஆசிரியர்கள் கூடிப் பள்ளியைக் கலைத்துவிட முடிவு செய்திருந்தார்கள்.

பணமும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வீரத்தால் மட்டுமே எடுத்த முடிவு என்று நான் கூறமாட்டேன். இருப்பினும், இரண்டு சக ஆசிரியர்களை வெளியே தள்ளிவிட்டுப் பெயர்ப்பலகையை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும் எளிய வழி அவர்களுக்கு முன்னே இருந்தது. அவ்வழியில் அவர்கள் செல்லவில்லை.

கதையை இங்கே நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால், அது உண்மையாகாது. அடுத்த ஆண்டு, 1934 ஆகஸ்டில், ஹிட்லருக்கு முழு அதிகாரம் அளிக்கும் வாக்கெடுப்பை ஆதரித்துக் கலைஞர்கள் வெளியிட்ட அறிக்கையில் மீசின் கையொப்பமும் இருந்தது. 1926இல் ரோசா லக்சம்பர்க், கார்ல் லீப்னெக்ட் ஆகிய பொதுவுடைமைத் தலைவர்களுக்குப் பெர்லினில் செங்கல்லால் நினைவுச்சின்னம் எழுப்பியவரும் இதே மீஸ்தான். அச்சின்னத்தை நாஜிகள் 1935இல் இடித்தார்கள். அவர் கட்டடம் கட்டும் வாய்ப்பை விரும்பினார். அதைத் தருபவர் யார் என்று போதிய அளவு கேட்கவில்லை. அந்தக் கையொப்பத்தாலும் பெரிய வேலை எதுவும் வந்து சேரவில்லை.

1938இல் சிக்காகோவின் ஆர்மர் கல்லூரி அவரைக் கட்டடக் கலைத் துறைக்குத் தலைவராக்கியது. அது 1940இல் வேறொரு கல்லூரியோடு இணைந்து இல்லினாய் தொழில்நுட்பக் கழகமாயிற்று. வந்தபோது அவருக்கு ஆங்கிலம் ஏறக்குறையத் தெரியாது. இன்னொருவர் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் வரைபடத்தின்மேல் குனிந்து நெடுநேரம் பேசாமல் பார்ப்பாராம். ஆனால் கோட்டுக்கும் செங்கல்லுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை அல்லவா? தொடக்கத்தில் நான் சொன்ன பாடத்திட்டம் அவர் தம் இளமையில் கடந்துவந்த பாதையே. பெர்லினில் எவரை நீக்கச் சொன்னார்களோ, அந்த ஹில்பர்சைமரைச் சிக்காகோவுக்கு அழைத்து வந்து நகர அமைப்பைக் கற்பிக்கச் செய்தார்.

கழகத்தின் கட்டடங்களையும் அவரே வரைந்தார். அவற்றுள் 1956இல் முடிந்த கிரௌன் மண்டபம், கட்டடக் கலை மாணவர்களுக்கென்றே எழுந்தது. 220 அடி நீளம், 120 அடி அகலம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. கூரைக்கு மேலே குறுக்காகச் செல்லும் நான்கு பெரிய இரும்பு உத்திரங்களிலிருந்து கூரை தொங்குகிறது. சுற்றிலும் கண்ணாடி. முதலாண்டு மாணவன் தலைநிமிர்ந்தால் மூத்த மாணவன் செய்யும் வேலை தெரியும். வகுப்பறைகளுக்கிடையே சுவரே இல்லாத இந்த ஏற்பாட்டைக் கண்டால் நம் ஆசிரியர்கள் இரைச்சலை எண்ணியே நடுங்குவார்கள்! தனி அறைகளும் பட்டறைகளும் கீழ்த்தளத்தில் உள்ளன என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. அவரிடம் கற்றவர்களும் அவரைப் பார்த்துக் கற்றவர்களும் உலகெங்கும் ஒரே அச்சில் கண்ணாடிப் பெட்டிகளை எழுப்பினர். நியூயார்க் நகரில் 1958இல் முடிந்த 38 மாடிச் சீகிராம் கட்டடத்தில் இருக்கும் பொறுமையும் அளவறிவும் அந்த நகல்களில் இல்லை. ஆற்றங்கரையில் ஒரு பெண் மருத்துவருக்காக அவர் கட்டிய கண்ணாடி வீடு கண்ணுக்கு விருந்துதான். ஆனால், கட்டியவரும் கட்டுவித்தவரும் நீதிமன்றத்தில் நின்றார்கள். பின்னாளில் ஆற்று வெள்ளமும் உள்ளே புகுந்தது.

1958இல் அவர் கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் பெர்லின் நகரம் அவரை அழைத்தது. ஓவியக் கூடம் ஒன்று கட்டித் தரவேண்டும் என்று கேட்டது. ஏறக்குறைய 65 மீட்டர் சதுரமான இரும்புக் கூரை, எட்டே தூண்கள். 1967ஆம் ஆண்டு ஏப்ரலில், 1,250 டன் எடையுள்ள அக்கூரையை நீரியல் விசைக் கருவிகளால் ஒரே நாளில் மேலே தூக்கி நிறுத்தினார்கள். எண்பத்தொரு வயது மீஸ் அருகே இருந்து அதைப் பார்த்தார். மறு ஆண்டு நடந்த திறப்பு விழாவுக்கு உடல்நலம் இடம் தரவில்லை. அவர் சிக்காகோவிலேயே தங்கிவிட்டார். அங்கேயே 1969 ஆகஸ்ட் 17ஆம் நாள் காலமானார்.