குவேசர்களில் வீசும் காற்று



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, குவேசர் என்னும் வெகுதூரத்து வான்பொருள்களிலிருந்து கிளம்பும் வாயுவைப் பற்றியதாகும். இதனால் அரிசி விலை இறங்குமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். இறங்காது. ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒரு காற்றை மனிதன் எப்படி ருசுப்பித்தான் என்பது கேட்கத்தக்க சங்கதியேயாகும்.

1963-ல் மார்ட்டென் ஷ்மிட் என்பவர், வெறும் நட்சத்திரம் போலத் தோன்றிய 3சி 273 என்பதன் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அது சுமார் 200 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ளது என்று கண்டார். இத்தகைய பொருளின் நடுவில் ஒரு பெருங் கருந்துளை இருக்கின்றது. அதில் விழப்போகும் வாயு சுழன்று காய்ந்து, ஒரு நட்சத்திரக் கூட்டம் முழுவதையும்விட அதிகமாகப் பிரகாசிக்கின்றது. அந்த ஒளியின் தள்ளுதலே வாயுவில் ஒரு பகுதியை வெளியே வீசியடிக்கின்றது என்பது பலருடைய கருத்து.

வீசுவதை எப்படி அறிகின்றோம்? வெளிச்சத்திற்கும் நமக்கும் நடுவில் வாயு நின்றால், அது தனக்குரிய நிறத்தை விழுங்கிவிடும். அவ்விடம் கருப்புப் பட்டையாகத் தெரியும். அப்பட்டை குவேசரின் சொந்த வரிகளுக்கு நீலப் பக்கமாக நகர்ந்திருந்தால், வாயு நம் பக்கம் வருகின்றது என்று அர்த்தம். நகர்ந்த அளவே வேகத்தைச் சொல்லிவிடும். விநாடிக்கு 30,000 கிலோமீட்டர் வரையிலும் கூடக் காணப்பட்டிருக்கின்றது!

இனி வழக்குக்கு வருவோம். இப்பட்டைகள் நிலையாக இருப்பதில்லை. பட்டையுள்ள 582 குவேசர்களைச் சில வருஷங்கள் கழித்து மறுபடியும் பார்த்ததில், 19-ல் ஏதேனுமொரு பட்டை அடியோடு மறைந்திருந்ததாக 2012-ல் வெளியாயிற்று. வாயு மேகம் நம் பார்வைக் கோட்டைவிட்டு விலகிப் போயிற்று என்பது ஒரு கட்சி. வாயு அங்கேயேதான் இருக்கின்றது, அதன்மேல் படும் கதிர்கள் கூடியதால் அணுக்கள் மேலும் எலெக்ட்ரான்களை இழந்து, அந்த நிறத்தை விழுங்கும் சக்தியற்றுப் போயின என்பது மற்றொரு கட்சி.

ஒரே குவேசரில் வெவ்வேறு வேகமுள்ள இரண்டு மூன்று பட்டைகள் இருப்பதுண்டு. ஒன்று மறைந்தபோது மற்றவையும் மங்கினால், தனித்தனி மேகங்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டா ஒரே காலத்தில் விலகும்? மேற்படி ஆராய்ச்சியில் அப்படி மங்கியே இருந்தன. ஆகவே அங்கே இரண்டாவது கட்சி பலப்படுகின்றது. ஆனால் பட்டையின் ஒரு சிறு துண்டு மட்டும் மாறுகின்ற குவேசர்களும் உண்டு. அங்கே முதற்கட்சியைத் தள்ளிவிட முடியாது.

இது வீண் விவகாரமல்ல. வாயு எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது, எவ்வளவு நிறையுள்ளது என்னும் கணக்கு இதையொட்டியே நிற்கின்றது. அக்கணக்கில்லாமல், இக்காற்று தன் நட்சத்திரக் கூட்டத்து வாயுவையே துடைத்தெறிந்து, புது நட்சத்திரங்கள் பிறவாமல் தடுக்கின்றது என்று சொல்லுவது வெறும் ஊகமேயாகும்.

2025-ல் வெளியான மற்றொரு சேதி. 2023-ல் ஜப்பானியர் ஏவிய எக்ஸ்ரிசம் என்ற எக்ஸ்-கதிர்த் தூரதர்சினி, பிடிஎஸ் 456 என்னும் குவேசரைப் பார்த்தது. அங்கே காற்று ஒரே சீராக வீசவில்லை. ஒளியின் வேகத்தில் 100-க்கு 20 முதல் 30 பங்கு வேகத்தில், ஐந்து தனித்தனித் திரள்களாக வருகின்றது. அது சுமக்கும் சக்தியோ, அந்த நட்சத்திரக் கூட்டம் முழுவதும் பரவி வீசும் காற்றின் சக்தியைவிட மிக மிக அதிகமாயிருக்கின்றது. மிச்சச் சக்தி எங்கே போகின்றது? நட்சத்திரக் கூட்டத்து வாயுவின் நடுவிலுள்ள சந்துகளில் புகுந்து தப்பிவிடுகின்றதா, அல்லது காற்றே விட்டு விட்டுத்தான் அடிக்கின்றதா என்பதே இப்பொழுது நடக்கும் விசாரணை.