கல்விக் குறையே தேசத்தின் காவற்குறை
(உத்திரமேரூர் வட்டாரக் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய பிரசங்கம்)



தேசப் பாதுகாப்பு என்றவுடன் எல்லையில் நிற்கும் படையும் பீரங்கியுமே நினைவுக்கு வருவது இயல்பு. அவை அவசியமானவையே. ஆயினும், படைக்கு ஆளும், ஆலைக்குத் தொழிலாளியும், அனைவருக்கும் நெல்லும் கொடுப்பவை கிராமங்களே. அக்கிராமத்துப் பிள்ளைகளின் படிப்புப் பலவீனமாயிருப்பின், தேசத்தின் மதிலில் அடிக்கல்லே ஆட்டங்கண்டது என்று கொள்ளவேண்டும். ஏரிக்கரையில் நண்டு வளையை அடைக்காத ஊர், வெள்ளம் வந்தபின் எத்தனை கூடை மண் கொட்டியும் பயனில்லை.

இதற்குச் சான்று தேடித் தூரதேசம் போகவேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களைப் பார்த்தாலே போதும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், ஊர்ச்சபைத் தேர்தல் விதிகள் அங்கே கல்லில் வெட்டப்பட்டன. 30 குடும்புகளிலிருந்து குடவோலை எடுத்து, சம்வத்ஸர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என நியமித்தனர். வாரியத்துக்கு வருபவர் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் உடையவராயிருக்க வேண்டும். ஆனால், ஒரு வேதத்திலும் பாஷ்யம் நான்கில் ஒன்றிலும் வல்லவராயின் அரைக்கால் வேலியே போதும். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரோ, உறவினரோடு விலக்கப்பட்டார். நிலத்தின் குறையைக் கல்வி ஈடு செய்தது. கணக்குக் காட்டாமையை எதுவும் ஈடு செய்யவில்லை.

அக்கல்வியும் அவ்வுரிமையும் அக்காலத்தில் ஒரு சாராருக்கே இருந்தன. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டமோ, வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை தந்தது. ஆனால் 1951-ஆம் ஆண்டு ஜனக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர் நூற்றுக்குச் சுமார் 18 பேரே. குடவோலை எல்லார் கைக்கும் வந்தது. ஓலையைப் படிக்கும் திறமை ஐவரில் ஒருவருக்குக்கூட முழுமையாய் வரவில்லை.

கூட்டுறவு இயக்கத்தின் கதையும் இதுவே. 1904-இல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் விவசாய நாணய சங்கமும், காஞ்சீபுரத்தில் நகரச் சங்கமும் தோன்றின. படிக்கத் தெரியாமல் கடன் பத்திரத்தில் ரேகை வைத்து நிலத்தை இழந்த குடியானவனைக் காப்பதே அவற்றின் நோக்கம். எனினும், கணக்குப் புஸ்தகத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரே ஆனால், அது அவ்வொருவருடைய சங்கமே அன்றி ஊராருடைய சங்கம் ஆகாது.

டென்மார்க் தேசத்தார் இதை உணர்ந்தனர். 1864-இல் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நடந்த யுத்தத்தில் தோற்று, பெரும் நிலப்பரப்பை இழந்தனர். கிருண்ட்விக் என்னும் பெரியார் போதித்தவாறு, உழவர் வாலிபர்க்கான ஜனப் பாடசாலைகள் 1844 முதலே தோன்றியிருந்தன. தோல்விக்குப் பின் அவை நாடெங்கும் பெருகின. 1882-இல் ஹெடிங் என்னும் ஊரில் அந்நாட்டு உழவர் முதல் கூட்டுறவுப் பால்பண்ணையை அமைத்தனர். பிற்பாடு அவர்தம் வெண்ணெய் அயல்நாட்டுச் சந்தையில் பெயர் பெற்றது. போர்க்களத்தில் போனதைப் பள்ளிக்கூடத்தாலும் சங்கத்தாலும் ஈடு செய்தனர்.

தமிழகமும் சோம்பியிருக்கவில்லை. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் பரவியது. 2011-ஆம் ஆண்டு ஜனக் கணக்கின்படி எழுத்தறிவு நூற்றுக்கு 80 ஆயிற்று. ஆனால் இப்போது குறை வேறு உருவில் வந்துளது. 2022-இல் இந்தியக் கிராமங்களில் எடுத்த 'அசர்' ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 43 பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவராயிருந்தனர். ரேகை போய்க் கையெழுத்து வந்தது. பொருள் அறியாத கையெழுத்தும் ரேகைக்குச் சமானமே. பூச்சிமருந்துச் சீட்டைப் படிக்க இயலாதவன் பயிரை இழப்பான். கைபேசியில் வரும் வஞ்சகச் செய்தியை ஆராயாதவன் சேமிப்பை இழப்பான். வதந்தியைச் சோதிக்க அறியாத ஜனம், பகைவன் ஒரு வேட்டும் சுடாமலே தமக்குள் கலகம் செய்து அழியும்.

ஆகவே அங்கத்தினர் செய்யத்தக்கவை சில உள. வருஷாந்திர மகாசபையில் வரவு செலவு முழுவதையும் உரக்கப் படிப்பித்து, விளங்காததைக் கேட்டறிக. கடன் பத்திரத்தின் ஒவ்வொரு வரியும் தெளிந்தபின்னரே ஒப்பமிடுக. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்க்குள்ள இடத்தை வெறுமையாய் விடாது, கூட்டத்துக்குச் சென்று, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று விசாரிக்க. உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், லாபத்தில் ஒரு பகுதியைப் படிப்பகத்துக்கு ஒதுக்குக. அந்தியில் விளக்கேற்றியதும் வீட்டுப் பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறினால் கோபியாது, மறுநாளே ஆசிரியரிடம் தெரிவியுங்கள். இச்சிறு காவலை ஒவ்வொரு வீடும் ஏற்குமாயின், தேசத்தின் பெருங்காவல் தானே உறுதிப்படும்.