புறப்படும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டியவை
(தெல்தெனியவில் நடைபெற்ற தகவல் அமர்வில் ஆற்றிய உரை)

 

விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரமே நீருக்குள் போனது. வரட்சியில் நீர் இறங்கினால் அதன் எச்சங்கள் இன்றும் வெளியே தெரிகின்றன. ஊரை விட்டுப் புறப்படும்போது முதலில் எதைக் கையில் எடுக்க வேண்டும் என்று இங்குள்ள பெரியவர்களைக் கேளுங்கள். ஆவணங்கள் என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் அதுவே பொருந்தும்.

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கை உங்களுக்கு நினைவிருக்கும். 2005 இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியா சென்றார். பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988 இல். கடவுச்சீட்டிலோ 1982 என்று இருந்தது. அவரது பொறுப்பில் இருந்த குழந்தை இறந்ததற்காக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குழந்தை இறந்தபோது அவருக்கு 17 வயதுதான் என்று அவருக்காகப் பேசியவர்கள் எடுத்துச் சொன்னார்கள். கடவுச்சீட்டு வேறு வயதைச் சொன்னது. 2013 ஜனவரியில் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

ஆகவே உங்கள் பெயரையோ வயதையோ எவரும் மாற்ற இடம் கொடுக்காதீர்கள். "சின்ன விஷயம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்பவர் உங்களோடு விமானத்தில் வரப்போவதில்லை.

முகவர் வீடு தேடி வந்தால், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அது காலாவதியாகாமல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதிலை அவரிடமே நம்பி விடாமல் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து உறுதி செய்யுங்கள். அதற்குப் பிறகே மருத்துவப் பரிசோதனையும் பணமும். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கொரியத் தொழிற்சாலை வேலை என்று சொல்லி எவராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அது மொழிப் பரீட்சையில் சித்தியடைந்து, பணியகத்தின் ஊடாகவே போகும் வேலை.

சில வீடுகளில் முகவர் முன்பணம் வைத்துவிட்டுப் போகிறார். கடனில் இருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. ஆனால் அந்தக் காசைத் தொட்ட பிறகு, "எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்று சொல்ல உங்கள் மகளுக்கு வாய் வராது. தீர்மானம் எடுக்கும்வரை அதை வாங்காதீர்கள்.

"விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். அப்படிப் போகிறவர் பணியகத்தில் பதிவு செய்யப்படுவதில்லை. பதிவு இல்லையென்றால் அதனோடு வரும் காப்புறுதியும் இல்லை. 2022 இல் ஓமானில் சிக்கித் தவித்த நம் பெண்கள் பலர் இப்படிச் சுற்றுலா விசாவில் அனுப்பப்பட்டவர்களே.

ஒரு தாய் தன் மகளின் ஒப்பந்தத்தை பொலித்தீன் பையில் பத்திரமாகச் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மகள் போய் எட்டு மாதமாகியிருந்தது. நீங்கள் கையெழுத்திடும் முன்பே, உங்களுக்குப் புரிகிற மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சம்பளம், வேலை நேரம், விடுமுறை, திரும்பி வரும் பயணச்சீட்டு, இந்த நான்கையும் கேளுங்கள். அங்கே போனபின் வேறொரு தாளை நீட்டினால் உடனே கையெழுத்திடாமல் தூதரகத்துக்கு அறிவியுங்கள். அரபியில் தூதரகத்தை "சிஃபாரா" என்பார்கள். அந்த ஒரு சொல்லையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றிலும் இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒன்று உங்களோடு, மற்றது வீட்டில். உங்கள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கைத் திறந்துவிட்டுப் போங்கள்.

சந்தேகம் இருந்தால் வெட்கப்படாமல் மெததும்பர பிரதேச செயலகத்துக்குப் போய், வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேளுங்கள். பஸ்ஸுக்கு ஒரு நாள் செலவாகும், அவ்வளவுதான். போவதா இல்லையா என்பது உங்கள் தீர்மானம். தெரிந்துகொண்டு போங்கள், நல்லபடியாகத் திரும்பி வாருங்கள்.