உளி பிடித்த கையும் மின்சில்லும்

(ஜார்ஜ்டவுனில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



விடியுமுன் எழுந்து, பெரட்டில் நின்று, நிரையில் பால்மரம் சீவி, வாளி சுமந்து வாழ்ந்த தலைமுறைகளின் வழிவந்தவர்கள் நாம். இன்று நம் பிள்ளைகளுள் பலர் பாயான் லெப்பாசுக்கும் பிறைக்கும் பத்து காவானுக்கும் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகளை ஆவலோடு நோக்குகின்றனர். தோட்டத்தை விட்டு மின்னியல் ஆலைக்குச் செல்லலாமா என்னும் கேள்வி லயத்து வீடுகள்தோறும் எழுகின்றது. இதற்குச் செல்லுங்கள் என்றோ, செல்லாதீர்கள் என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிட இயலாது. எவ்வாறு செல்வது, சென்றபின் எந்தப் படியில் நிற்பது என்பனவே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை. அதற்குப் பினாங்கின் அரை நூற்றாண்டு அனுபவமே நமக்கு நல்ல பாடமாக அமைந்துள்ளது.

துறைமுகம் தொழில் நகரமான வரலாறு

ஜார்ஜ்டவுன் நெடுங்காலம் வரியற்ற துறைமுகமாக விளங்கிற்று. கப்பலும் கிடங்கும் வாணிபமுமே இந்நகர மக்களுக்குச் சோறிட்டன. 1969ஆம் ஆண்டில் அச்சலுகை நீங்கியது. அக்காலத்தில் உழைக்கத் தகுந்த 100 பேரில் ஏறத்தாழ 15 பேர் வேலையின்றி இருந்தனர். அவ்வாண்டில் முதலமைச்சர் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சோங் இயூ, வாணிபத்தை மட்டும் நம்பியிருந்தால் மாநிலம் பிழைக்காது என்பதை உணர்ந்தார். அதே ஆண்டில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. 1972ஆம் ஆண்டில், நெல்வயல்கள் நிறைந்திருந்த பாயான் லெப்பாசில், நாட்டின் முதலாவது சுதந்திர வாணிப வட்டாரம் உருவாயிற்று.

இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் ஆலையை அவ்வாண்டில் இங்கேதான் அமைத்தது. ஹியூலெட் பக்கார்ட், ஏ.எம்.டி., நேஷனல் செமிகண்டக்டர், ஹித்தாச்சி, போஷ் முதலிய நிறுவனங்களும் தொடக்க காலத்திலேயே வந்து சேர்ந்தன. கணினிக்கும் கைப்பேசிக்கும் மூளையாக இருக்கும் மின்சில்லுகளைப் பொருத்திச் சோதித்து அனுப்பும் பணி இவ்வாறு பினாங்கில் வேரூன்றியது.

அந்நாளில் அவ்வேலை எப்படி நடந்தது என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நலம். வெளிநாட்டிலிருந்து வந்த சிலிக்கன் வட்டுகள் சிறு சிறு துண்டுகளாக அறுக்கப்படும். ஒவ்வொரு துண்டையும் உலோகச் சட்டத்தில் ஒட்டி, தலைமயிரினும் மெல்லிய பொற்கம்பிகளால் இணைத்து, மேலுறையிட்டு, பின்னர் சோதனை செய்வார்கள். தொழிலாளர்களுள் பெரும்பாலோர் இளம் பெண்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியின்மேல் கண்ணைப் பதித்து, கம்பியைக் கையாலேயே ஓட்டி இணைத்தார்கள். கூரிய கண்ணும் நடுங்காத கையும் விரைவுமே அவர்களுடைய முதலீடு. கிராமத்திலிருந்து வந்த பெண் சில வாரங்களில் வேலை பழகிச் சம்பளம் வாங்கினாள். வீட்டுக்குப் பணம் அனுப்பினாள். அது பெரிய மாற்றமே, மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த வேலையும் நிலைத்து நிற்கவில்லை. 1980ஆம் ஆண்டுகளில் கம்பி இணைக்கும் தானியங்கிப் பொறிகள் வந்தன. பலர் கையால் செய்ததைப் பொறி செய்தது. ஒருவரே பல பொறிகளைக் கவனிக்கலானார். 1985ஆம் ஆண்டின் பொருளாதார மந்தத்தில் மின்னியல் ஆலைகளில் ஆட்குறைப்பும் நிகழ்ந்தது. பின்னர் 2001ஆம் ஆண்டிலும், 2008ஆம் ஆண்டில் தொடங்கிய உலக நெருக்கடியின்போதும் அத்தகைய அடி விழுந்தது. உலகச் சந்தையில் கணினி விற்பனை குறைந்தால் பாயான் லெப்பாசில் மிகைநேர வேலை குறையும். ரப்பர் விலையின் ஏற்ற இறக்கத்தைக் கண்டு பழகிய நமக்கு இது புதிய செய்தியன்று.

இவ்வளவு அடிகளுக்குப் பின்னும் அத்தொழிலில் நிலைத்தவர்களும் உயர்ந்தவர்களும் யாவர்? பொறியின் முன் அமர்ந்திருந்ததோடு நில்லாமல், அப்பொறி ஏன் நின்றது, எங்கே பழுது, அதை எவ்வாறு சீராக்குவது என்று கற்றுக்கொண்டவர்களே. இயக்குநர் தொழில்நுட்பராக உயர்ந்தார், தொழில்நுட்பர் மேற்பார்வையாளரானார். இந்தத் தேவையை உணர்ந்தே மாநில அரசும் தொழில் நிறுவனங்களும் கல்வித் துறையினரும் கைகோத்து 1989ஆம் ஆண்டில் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை நிறுவினர். தொழிற்சாலையில் நாளை வரவிருக்கும் பொறிக்கு இன்றே ஆளைப் பழக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆகவே நாம் வலியுறுத்திக் கூற விரும்புவது இதுதான்: தோட்டத்து வாசலை விட்டுத் தொழிற்சாலை வாசலுக்குள் நுழைவது மட்டும் தொழில் மாற்றம் ஆகாது. உளியை வைத்துவிட்டு, கற்பதற்கு ஏதுமில்லாத வேறொரு வேலையைப் பிடிப்பது வெறும் இடமாற்றமே. திறனில் ஒரு படி ஏறுவதே தொழில் மாற்றம்.

சம்பளத்தின் தரையும் படியும்

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. இது தோட்டத்துக்கும் உண்டு, ஆலைக்கும் உண்டு. அதாவது, திறன் ஏதுமின்றிச் செல்பவருக்கு இரண்டிடத்திலும் தரை ஒன்றே. ஆலையில் மிகைநேரச் சம்பளமும் ஷிப்டுப் படியும் கிடைக்கலாம்; ஆயினும் பட்டணத்து வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக்குவரத்தும் அதில் பெரும்பகுதியை உண்டுவிடும். ஆலை வேலையில் உண்மையான ஆதாயம் மேலே ஏறுவதற்குப் படிகள் இருப்பதே. அப்படியில் கால் வைக்காதவருக்கு அந்த ஆதாயம் இல்லை.

பால்மரம் சீவுபவர் தம் திறனைத் தாமே குறைத்து மதிப்பிடுதல் நம்மிடையே உள்ள வழக்கம். பட்டையை மெல்லியதாகச் சீவி, உள்ளிருக்கும் வளர்படலத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விட்டு, மரத்தில் காயம் படாமல் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டும் கை, நுட்பமான கை. நேரம் தவறாமையும், நாள்தோறும் ஒரே தரத்தில் வேலை செய்வதும், மரத்தின் நிறத்தையும் பாலின் ஓட்டத்தையும் பார்த்தே நோயை அறிவதும் எந்த ஆலையும் விரும்பும் பண்புகளே. ஆனால் அந்தக் கையின் அருமை ஆலை அலுவலகத்துக்குத் தெரியாது. அதற்கு எழுத்தில் ஒரு சான்று வேண்டும்.

சான்றிதழ் பெறும் வழி

அந்தச் சான்றே மலேசியத் திறன் சான்றிதழ். இது முதல் மூன்று படிகளைக் கொண்டது. அதற்கு மேல் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும் உண்டு. முதற்படியில் சேர எஸ்.பி.எம். தேர்ச்சி கட்டாயமன்று; மலாய்மொழியில் பேசவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். சில பயிற்சிக் கழகங்கள் சில பாடங்களுக்குத் தனி விதிகள் வைத்திருக்கும். அவற்றை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

செபராங் பிறையில் கெப்பாலா பத்தாசிலும் நிபோங் திபாலிலும் மனிதவள அமைச்சின் தொழில்துறைப் பயிற்சிக் கழகங்கள் இயங்குகின்றன. நிபோங் திபாலில் உள்ள கழகம், தோட்டத் தொழிலில் பெயர் பெற்ற ஆறுமுகம் பிள்ளை அவர்களின் பெயரைத் தாங்கியது. தோட்டத்து மண்ணில் ஈட்டிய பெயர் ஒரு தொழில்நுட்பக் கூடத்தின் வாயிலில் நிற்பது நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பலகையாக இருக்கட்டும்.

வயது கடந்துவிட்டது, இனிப் பள்ளிக்கூடம் எதற்கு என்று எண்ணும் பெரியவர்களுக்கும் ஒரு வழி உண்டு. தோட்டத்து ஆலையில் பொறி பழுது பார்த்தவர், மின்கம்பி வேலை செய்தவர், வாகனம் பராமரித்தவர் முதலியோர், தம் அனுபவத்தைச் சான்றுகளுடன் காட்டி, முந்தைய திறனை அங்கீகரிக்கும் முறையின்கீழ் மதிப்பீடு செய்யப்பட்டு, முழுநேர வகுப்புக்குச் செல்லாமலேயே திறன் சான்றிதழ் பெறலாம். இதனைத் திறன் மேம்பாட்டுத் துறை நடத்துகின்றது. ஆகவே செய்த வேலைக்கான கடிதங்களையும் சம்பளச் சீட்டுகளையும் படங்களையும் பெட்டியில் பத்திரமாகச் சேர்த்து வைத்தல் வேண்டும்.

கையொப்பத்துக்கு முன்

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. ஆலையில் வேலை கிடைத்தவுடன் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். நம்மை வேலைக்கு எடுப்பது ஆலையா, அல்லது ஆள் அனுப்பும் குத்தகையாளரா? ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் யார் பெயரில் கட்டப்படும்? 2023ஆம் ஆண்டு முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வழக்கமான வேலை நேரத்தின் உச்சவரம்பு. 12 மணி நேர ஷிப்டாயின் மிகைநேரம் எவ்வாறு கணக்கிடப்படும்? பயிற்சிக்கு அனுப்புவார்களா? இக்கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

தோட்டத்தில் 1954ஆம் ஆண்டு முதல் நமக்குத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்து வருகின்றது. மின்னியல் ஆலைகளில் நெடுங்காலம் அத்தகைய சங்கம் இல்லை. 1988ஆம் ஆண்டில் ஆலைக்குள் அமையும் சங்கங்களுக்கும், 2009ஆம் ஆண்டுக்குப் பின்னரே வட்டாரச் சங்கங்களுக்கும் வழி பிறந்தது. ஆகவே செல்லும் ஆலையில் சங்கம் உண்டா என்றும் அறிதல் வேண்டும்.

இன்னொன்று, வீடு. தோட்டத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட நேரும். எனவே குடும்பத்தார் அனைவரும் ஒரே நாளில் வேலையை உதறிவிட்டுப் புறப்படுதல் தகாது. ஒருவர் முன்னே சென்று, திறன் பெற்று, வேலையில் உறுதியானபின், சேமிப்பைக் கொண்டு வீட்டுக்கு வழி செய்துவிட்டு மற்றவர்கள் தொடர்வதே பாதுகாப்பு.

வேலை போனால்

தோட்டமாயினும் ஆலையாயினும் ஆட்குறைப்பு நேர்ந்தால் மனமுடைந்து அமர்ந்துவிடுதல் கூடாது. ஓராண்டும் அதற்கு மேலும் தொடர்ந்து வேலை செய்தவருக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு. பணிக்காலம் 2 ஆண்டுக்குக் குறைவாயின் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலுமாயின் 20 நாள்.

இதனோடு, 2018ஆம் ஆண்டில் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டமும் உள்ளது. சொக்சோ நடத்தும் இத்திட்டத்தில் தனியார் துறைத் தொழிலாளர் அடங்குவர். தோட்டத் தொழிலாளரும் அடங்குவர். சந்தா விதிகளை நிறைவு செய்து வேலை இழந்தவருக்கு, காப்புறுதி செய்த சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடும், இரண்டாம் மாதம் 50 விழுக்காடும், மூன்றாம் நான்காம் மாதங்களில் 40 விழுக்காடும், ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 விழுக்காடும் வேலை தேடும் உதவித்தொகையாகக் கிடைக்கும். சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து இது 3 முதல் 6 மாதம் வரை நீளும். மறுபயிற்சிக்கும் உதவி உண்டு. ஆனால் வேலை இழந்த 60 நாள்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். தாமே வேலையை விட்டு விலகியவருக்கு இது கிடைக்காது. ஆகவே ஆட்குறைப்பின்போது, வாசித்துப் பாராமல், தாமே விலகுவதாகக் கூறும் தாளில் எவரும் கையொப்பமிடலாகாது. அந்த ஒரு கையொப்பம் பல மாதச் சோற்றைப் பறித்துவிடும்.

சகோதர சகோதரிகளே! பத்து காவானைப் பாருங்கள். ஒருகாலத்தில் தோட்டமாக இருந்த நிலம் அது. 2014ஆம் ஆண்டில் இரண்டாவது பாலம் அங்கே வந்து இறங்கிற்று. தொடக்க காலத்தில் பாயான் லெப்பாசுக்கு வந்த அதே போஷ் நிறுவனம், 2023ஆம் ஆண்டில் பத்து காவானில் மின்சில்லுச் சோதனை மையத்தைத் திறந்தது. தோட்டம் இருந்த இடத்துக்கு ஆலையே வந்துவிட்டது. அந்த ஆலையின் வாயிலில் புல்வெட்டுபவராக மட்டும் நம் பிள்ளைகள் நிற்கப் போகின்றார்களா, உள்ளே பொறியைச் சீராக்கும் தொழில்நுட்பராக அமரப் போகின்றார்களா என்பது இன்று வீட்டில் நாம் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.

எஸ்.பி.எம். முடித்த மகனோ மகளோ வீட்டில் இருந்தால், முதல் சம்பளத்துக்கு அவசரப்படாமல், பயிற்சிக் கழகத்துக்கு விண்ணப்பம் அனுப்புங்கள். மகனுக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். பினாங்கின் மின்னியல் தொழிலைத் தொடக்கத்தில் தாங்கி நின்றவை பெண்களின் கைகளே. படிவம் நிரப்பத் தெரியாவிடில் தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ சங்கப் பொறுப்பாளரையோ நாடுங்கள்.

தொழில் மாறும், பொறியும் மாறும். கற்கும் பழக்கம் உள்ளவரை எந்த மாற்றமும் நம்மைத் தெருவில் நிறுத்திவிடாது.